வலிப்பு வரும்போதே அதைப் பதிவு செய்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலிப்பு நோய்க்கான மாத்திரைகளை நோயாளிகள் தாமாக நிறுத்தக் கூடாது என்று வலியுறுத்தி, தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொல்லியிருப்பது முற்றிலும் சரி. ஆனால், சேலத்தில் இருபத்தாறு ஆண்டுகள், மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனையை எடுக்கும் தொழில்நுட்பராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அக்கட்டுரை தொடாத ஒன்றை நான் எழுத வேண்டியிருக்கிறது. வலிப்பு என்று பெயர் எழுதப்பட்டு, வருடக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் குணம் காணாதவர்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பது வலிப்பு நோயே அன்று; மன அழுத்தம் போன்றவற்றால் வரும், வலிப்பைப் போலவே தோன்றும் தாக்கம். மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று சொல்லிச் சிறப்பு மையங்களுக்கு அனுப்பப்படுகிறவர்களில் ஐந்தில் ஒருவர், சில மையங்களில் நான்கில் ஒருவருக்கும் மேல், இப்படிப்பட்டவர்கள் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட உண்மை. இவர்களுக்குச் சரியான பெயர் கிடைக்கச் சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்று ஜெர்மனியில் நடந்து 2002ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. என் அக்கா மகளுக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. அந்த ஆறு ஆண்டுகளில் எனக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்; அவளிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன்.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் அக்காவுக்குச் சிறிது காப்பித் தோட்டமும் மிளகுக் கொடிகளும் உண்டு. அவள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாலையில் மயங்கி விழுந்து, கை கால்கள் உதறின. அக்கம்பக்கத்தார் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். மறுநாள் சேலத்துக்கு அழைத்து வந்தார்கள். நான்தான் அவளுக்கு இ.இ.ஜி. எடுத்தேன். அரை மணி நேரப் பதிவு. அதில் உறக்கம் கவியும் வேளையில் உச்சந்தலைப் பகுதியில் சில கூரிய அலைகள் தெரிந்தன. வலிப்புக்குரிய மாற்றம் என்று அறிக்கை வந்தது. இளம் வயதினருக்குத் தூக்கம் தழுவும்போது இயல்பாகவே வரக்கூடிய அலைகள் அவை என்று வேறோர் ஊரில் அதே பதிவைப் பார்த்த நரம்பியல் மருத்துவர் சொல்வதற்கு இடையில் ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன.

முதலில் ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மாத்திரை. ஈறு வீங்கியது. பின்னர் சோடியம் வால்புரோயேட்டைச் சேர்த்தார்கள். முடி கொட்டியது, உடல் பருத்தது. மூன்றாவதாக இன்னொன்று. மாத்திரை கூடக் கூட, தாக்கங்களும் கூடினவே தவிரக் குறையவில்லை. ஒரு நாள் இரவு நாற்பது நிமிடங்களாக உதறல் நிற்கவில்லை என்று, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வாடகைக் காரில் கீழே கொண்டு வந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். உயிருக்கு ஆபத்தான தொடர் வலிப்பு என்று எண்ணி ஊசிமேல் ஊசியாக மயக்க மருந்து செலுத்தினார்கள். அதனால் மூச்சு அடங்கிப்போய், தொண்டைக்குள் குழாய் இட்டு மூன்று நாள் வெண்டிலேட்டரில் வைக்க வேண்டியதாயிற்று. அவளைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோனது நோய் அன்று, சிகிச்சை. அந்த மருத்துவர்களையும் நான் குறை சொல்லத் துணியமாட்டேன். அவர்கள் கையில் இருந்த கோப்பில் வலிப்பு என்றுதான் எழுதியிருந்தது, அதற்குச் சான்றாக நான் எடுத்த பதிவுதான் இணைக்கப்பட்டிருந்தது.

வலிப்பு நோய்க்கும், வலிப்பைப் போலத் தோன்றும் இந்தத் தாக்கத்துக்கும் வேறுபாடு என்ன என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். வலிப்பு நோயில், மூளையின் ஒரு பகுதியிலோ முழுவதிலுமோ உள்ள நரம்புச் செல்கள் கட்டுப்பாடு இழந்து ஒரே நேரத்தில் மின்னேற்றத்தை வெளியிடுகின்றன. உடலின் உதறல் அதன் விளைவு. மற்றதில் உதறல் இருக்கும், சுயநினைவு விலகியதுபோல் இருக்கும், ஆனால் மூளையில் அந்த மின்வெடிப்பு இருக்காது. தாங்க முடியாத மன அழுத்தமோ, பழைய அதிர்ச்சியோ, சில வேளைகளில் நோயாளிக்கே தெரியாத ஒன்றோ உடல் வழியாக வெளிப்படுகிறது. அதை அவர் வேண்டுமென்று செய்வதில்லை, அவரால் நிறுத்தவும் முடியாது. ‘சூடோ சீஷர்’ என்றும் ‘பொய் வலிப்பு’ என்றும் கேஸ் ஷீட்டில் எழுதும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அந்தச் சொல்லைப் படித்த செவிலியர் முதல் வார்டு உதவியாளர் வரை அந்த நோயாளியைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். பொய் என்ற சொல் அந்தக் கோப்பில் இருக்கவே கூடாது.

சாதாரண இ.இ.ஜி.யால் இவ்விரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது என்பதைத்தான் மக்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் 1924இல் முதன்முதலாக மனிதனின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து, 1929இல் அதை வெளியிட்டார். தலையின் மேற்புறத்தில் ஒட்டிய மின்முனைகளுக்கு எட்டுவது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகள் மட்டுமே; அதுவும் மண்டை ஓட்டைத் தாண்டி வர வேண்டும். நாங்கள் எடுக்கும் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் தாக்கம் வருவதில்லை. தாக்கங்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் எங்காவது ஒரு கூரிய அலை தெறிக்கிறதா என்றுதான் தேடுகிறோம். உண்மையான வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே முதல் பதிவில் அது தெரிவது ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, அல்லது அதற்கும் குறைவானவர்களுக்குத்தான். ஆகவே பதிவு இயல்பாக இருக்கிறது என்பதனால் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. ஒரு கூரிய அலை தெரிந்தது என்பதனால் வலிப்பு உண்டு என்றும் ஆகிவிடாது. நோயாளி தலையை அசைத்தாலும், பல்லைக் கடித்தாலும், எண்ணெய்த் தலையில் மின்முனை சரியாக ஒட்டாமல் போனாலும் பதிவில் அலைபோலவே ஏதோ ஒன்று எழும்பும். சீயக்காய் தேய்த்து அலசி, எண்ணெய் தடவாமல், பூ வைக்காமல் வாருங்கள் என்று பெண்களிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததன் காரணம் இதுதான்.

ஐயத்தைத் தீர்க்கும் பரிசோதனைக்கு வீடியோ இ.இ.ஜி. என்று பெயர். நோயாளியை மருத்துவமனையில் ஒரு நாளோ, சில நாள்களோ தங்கவைத்து, மின்முனைகளைப் பசையும் துணியும் கொண்டு கழலாதபடி ஒட்டி, படுக்கைக்கு எதிரே கேமராவைப் பொருத்தி, இரண்டையும் ஒரே கடிகாரத்தில் இணைத்துவிடுவார்கள். இதயத் துடிப்பும் கூடவே பதிவாகும். ஏனென்றால் வலிப்பு என்று நினைத்தது சில வேளைகளில் இதயத் துடிப்பின் கோளாறால் வந்த மயக்கமாகவும் இருக்கும். தேவைப்பட்டால் மருத்துவரின் கண்காணிப்பிலேயே மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பார்கள். பின்பு, வழக்கமாக வருகிற அந்தத் தாக்கம் வரும்வரை காத்திருப்பார்கள். கை எந்த நொடியில் உதறத் தொடங்கியது, அந்த நொடியில் மூளை என்ன செய்துகொண்டிருந்தது என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். பதிவான தாக்கம் வீட்டில் வருவதைப் போன்றதுதானா என்று குடும்பத்தாரிடம் காட்டிக் கேட்பதும் கட்டாயம். வேறு விதமான ஒரு தாக்கத்தைப் பதிவு செய்துவிட்டு முடிவுக்கு வந்தால் அதுவும் தவறாகிவிடும்.

என் அக்கா மகளுக்குப் பெங்களூரில் இந்தப் பரிசோதனை நடந்தது. இரண்டாம் நாள் மதியம் தாக்கம் வந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டு, தலையை இடமும் வலமுமாக ஆட்டி, கைகால்கள் ஒன்றோடொன்று இசையாமல் உதற, இடையிடையே அடங்கி மீண்டும் தொடங்கி, ஏழு நிமிடம் நீடித்தது. அங்கிருந்த தொழில்நுட்பர் அவள் காதருகே குனிந்து “சாவி, ஞாபகம் வச்சுக்கோம்மா” என்று சொன்னார். தாக்கம் அடங்கிச் சிறிது நேரத்தில் கேட்டபோது அவள் “சாவி” என்றாள்; தாக்கத்தின்போது அவளுக்கு நினைவு தப்பியிருக்கவில்லை. திரையில் தசைகளின் இரைச்சல் முழுவதையும் மூடியிருந்தது. ஆனால் உதறல் அடங்கிய அந்தச் சிறு இடைவெளிகளில், பிடரிப் பக்கத்து மின்முனைகளில், விழித்திருப்பவர் கண்ணை மூடினால் வருகிற ஆல்ஃபா அலை, நொடிக்குப் பத்து என்ற கணக்கில், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. உடல் முழுவதும் உதறும் வலிப்புக்குப் பிறகு மூளை அலைகள் களைத்துப்போய் மெதுவாகிவிடும். இங்கே அப்படி எதுவும் இல்லை. இருபத்தாறு ஆண்டுகளாக அந்தக் கோடுகளைப் பார்த்துப் பழகிய எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் அந்த அறையை விட்டு வெளியே வந்து வராந்தாவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மேலே சொன்ன அறிகுறிகளை வைத்து வாசகர்கள் தாங்களே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. பொதுவாக, வலிப்பு நோயில் கண்கள் திறந்திருக்கும். உடல் முழுதும் உதறும் தாக்கம் ஒன்றிரண்டு நிமிடங்களில் ஓயும். நாக்கின் பக்கவாட்டில் பல் பதிந்த காயம் வலிப்புக்கே வலுவான சாட்சி. ஆனால் எந்த ஒரு அறிகுறியும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. கீழே விழுந்து அடிபடுவதும் சிறுநீர் கழிவதும் இரண்டிலும் உண்டு.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்த ஓர் இளைஞர், இரவுத் தூக்கத்தில் திடீரென்று எழுந்து கத்துவதும் காலை உதைப்பதும் அரை நிமிடத்தில் தெளிவதுமாக இருந்தார். காற்று சேட்டை என்று வேப்பிலை அடித்தார்கள். இரண்டு முறை இ.இ.ஜி. எடுத்தோம், இரண்டும் இயல்பு. நடிக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். அவருக்கு இருந்தது மூளையின் முன்மடலில் தொடங்கும் வலிப்பு. அது பார்ப்பதற்கு விசித்திரமாக இருக்கும். ஏறத்தாழ பத்துச் சதுர சென்டிமீட்டர் பரப்பாவது ஒன்றாக இயங்கினால்தான் தலைக்கு மேலுள்ள மின்முனைகளுக்குத் தெளிவாக எட்டும் என்பதால், ஆழத்தில் தொடங்குவது தாக்கத்தின்போதுகூடத் தெரியாமல் போகலாம். ஒவ்வொரு முறையும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி வருகிறதா, தூக்கத்திலிருந்து வருகிறதா என்று பல தாக்கங்களைப் பதிவு செய்து பார்த்த பின்னரே அவருக்கு மருந்து மாற்றப்பட்டது. இயந்திரத்தின் எல்லையைத் தெரிந்து படிப்பவரிடம்தான் இயந்திரம் உண்மை பேசும் என்பதை அவர் மூலம்தான் நான் கற்றேன்.

தாக்கத்தை விரைவாக வரவழைப்பதற்காக, வெறும் உப்பு நீரை ஊசியில் ஏற்றி “இது வலிப்பைக் கொண்டுவரும் மருந்து” என்று நோயாளியிடம் சொல்லும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். பொய்யை வைத்து ஒரு நோயைக் கண்டறிந்துவிட்டு, அடுத்த நிமிடமே அந்த நோயாளியிடம் எங்களை நம்புங்கள் என்று எப்படிச் சொல்வது? இந்தப் பரிசோதனை எதற்காக, விளக்கொளியைக் கண்ணில் அடிப்பதும் வேகமாக மூச்சு விடச் சொல்வதும் எதற்காக என்று உள்ளதை உள்ளபடி சொன்னாலும் தாக்கம் வருகிறவர்கள் பலர். அதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

முடிவைச் சொல்லும் விதத்தில்தான் பாதிச் சிகிச்சை இருக்கிறது. “உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனசு” என்று இரண்டு வரியில் சொல்லி அனுப்புவதைவிடக் கொடுமை வேறில்லை. பெங்களூரில் எங்களுக்கு வாய்த்த மருத்துவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, வீடியோவையும் அலைகளையும் அவளுக்கே காட்டினார். அப்படியிருந்தும் திரும்பி வரும் பேருந்தில் அவள் என்னிடம் கேட்டது, “சித்தி, அப்போ இத்தனை வருஷமா நான் நடிச்சேன்னு சொல்றாங்களா?” என்பதுதான். இல்லை என்று நான் நூறு முறை சொல்லியிருப்பேன். அவள் மனத்தில் புதைந்திருந்தது என்ன என்பதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. மனநல ஆலோசகர் ஒருவரிடம் ஒன்றரை ஆண்டு பேசிப் பேசித்தான் அது வெளியே வந்தது. பிரிட்டனில் 368 பேரைக் கொண்டு நடத்தி 2020இல் வெளியான ஆய்வு, சிந்தனைப் போக்கையும் நடத்தையையும் திருத்தும் உளவியல் சிகிச்சை, ஓராண்டுக்குப் பின் தாக்கங்களின் எண்ணிக்கையைத் திட்டவட்டமாகக் குறைத்ததாக நிறுவவில்லை. ஆனால் அதைப் பெற்றவர்களின் மனத்துயரும் அன்றாட வாழ்வின் இடர்ப்பாடுகளும் குறைந்தன. ஆகவே மந்திரம் போட்டதுபோல் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. அவளுக்கும் முற்றிலும் நிற்கவில்லை. வாரத்துக்கு நான்கு என்றிருந்தது, இப்போது சில மாதங்களுக்கு ஒன்று.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து இருப்பதும் உண்டு. அவர்களிடம் மாத்திரையைப் பறித்தால் உண்மையான வலிப்பு வந்து உயிரையே எடுக்கலாம். என் அக்கா மகளுக்கும் பதிவைப் பார்த்த மருத்துவர்தான், ஒவ்வொன்றாக, பல மாதங்களில் குறைத்து நிறுத்தினார். திருமண வயதில் இருந்த அவளுக்கு வால்புரோயேட் நின்றது எங்களுக்குப் பெரிய ஆறுதல். கருவுற்ற காலத்தில் அது குழந்தையின் முதுகுத்தண்டையும் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. வலிப்பு என்ற ஒரு சொல்லுக்காகவே அவளுக்கு இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயின. இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து வலிப்பு என்ற தடை 1999ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது என்பது எங்கள் ஊரில் பலருக்கு இன்றுவரை தெரியாது. உண்மையிலேயே வலிப்பு உள்ள பெண்களுக்கும் அந்தத் தடை இல்லை.

மலைக் கிராமங்களிலும் நகரத்துத் தறிப் பட்டறைகளிலும் இருப்பவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தாக்கம் வரும்போது ஒருவர் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சுற்றிலும் உள்ள கூரான பொருள்களை அகற்றட்டும், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், இரும்பும் வேண்டாம். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108ஐ அழையுங்கள். இன்னொருவர் கைப்பேசியில் தொடக்கத்திலிருந்து முடிவுவரை படம் எடுக்கட்டும். முகமும், குறிப்பாகக் கண்களும், கைகால்கள் நான்கும் தெரிய வேண்டும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்பதையும் பதிவு செய்யுங்கள். அமெரிக்காவில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய கைப்பேசிப் படங்களைப் பார்த்த அனுபவமுள்ள நரம்பியல் மருத்துவர்கள் பெரும்பாலும் சரியான முடிவுக்கே வந்தார்கள். அது வீடியோ இ.இ.ஜி.க்கு மாற்று ஆகாது. ஆனால் யாரை உடனே அந்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் போதும். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பாதீர்கள். மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள்.

அரசிடம் கேட்பதற்கு எனக்குச் சில கோரிக்கைகள் உள்ளன. பொருத்தமாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைச் சரியாகச் சாப்பிட்டும் தாக்கம் நிற்கவில்லை என்றால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று கொள்ள வேண்டும் என்பது 2010 முதல் உலக அளவில் ஏற்கப்பட்ட வரையறை. மூன்றாவது மாத்திரையை எழுதுவதற்கு முன்பு, இது வலிப்புதானா என்று மீண்டும் கேட்கும் வழக்கத்தை நம் மருத்துவமனைகளில் விதியாகவே கொண்டுவர வேண்டும். அண்டை மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வந்து குவியும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், காத்திருப்பு இல்லாமல் பல நாள் வீடியோ இ.இ.ஜி. எடுக்கப் போதுமான படுக்கைகளும், இரவிலும் பதிவைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்களும் இருப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும். நரம்பியல் மருத்துவரும் மனநல மருத்துவரும் வாரத்தில் ஒரு நாளாவது ஒரே அறையில் அமர்ந்து இந்த நோயாளிகளைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே போ என்று இவரும், இங்கே வராதே என்று அவரும் சொல்ல, நோயாளி நடுவில் நின்றுகொண்டிருப்பார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தப் பரிசோதனைக்கு எந்த நிலையில், எங்கே, எவ்வளவு வரை இடம் உண்டு என்பதை ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களில் தமிழில் எழுதிவைக்க வேண்டும்.

மலையில் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு குடும்பம் நான்கு நாள் கூலியை விட்டுவிட்டுச் சேலத்துக்கு இறங்கி, அங்கிருந்து பெங்களூருக்கு வண்டி ஏறி, மொழி தெரியாத ஊரில் வார்டுக்கு வெளியே படுத்துக் கிடந்து இந்தப் பதிவை எடுத்து வருவது எல்லாராலும் ஆகக்கூடியது அன்று. என் அக்காவுக்குக் கூட வர நான் இருந்தேன். அப்படி யாரும் இல்லாதவர்கள் நாகலூரிலும் மஞ்சக்குட்டையிலும் எத்தனை பேர் மூன்றாவது மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் கிராம சுகாதார செவிலியர்களைக் கொண்டு, வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்க மாவட்ட நிர்வாகம் ஆணையிட வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற இ.இ.ஜி. தொழில்நுட்பர்,
கோரிமேடு, சேலம்.